கை தூக்கறவன்

அவனப் பத்தி நல்ல வார்த்தை சொல்றதுக்கு எங்க ஊர்ல ஆளுக்குப் பஞ்சமே இல்ல. டீக்கடையில கேளுங்க, பஸ் ஸ்டாப்புல கேளுங்க, என் வூட்லயே என் பொண்டாட்டியக் கேளுங்க, மூச்சு வுடாம சொல்லுவா. அதனால அந்த வேலைய நான் செய்யப் போறதில்ல. எனக்கு அவனப் புடிக்காது. அஞ்சு வருஷம் ஒரே மண்ணுல அவன்கூட ஹாக்கி ஆடினேன், அஞ்சு வருஷமும் புடிக்காது. அவன் ஊர வுட்டுப் போயி மூணு வருஷம் ஆவுது, இப்பவும் புடிக்காது. ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா அவன நெனைக்காம இருக்க முடியல, அதான் பேஜாரு.

ஹாக்கின்னா சிரிப்பீங்க. உத்திரமேரூர் பக்கம் கிரிக்கெட் இருக்கு, வாலிபால் இருக்கு, கபடி இருக்கு. ஹாக்கி எப்படி வந்துச்சுன்னா, எங்க தெருவுல ஒரு மிலிட்டரிக்காரர் ரிட்டயர்டு ஆவி வரும்போது இரும்புப் பொட்டியோட சேத்து ஒரு கட்டு மட்டையும் கொண்டாந்தாரு. ஆறு மாசம் சும்மா ஒக்காந்து பாத்தாரு, முடியல. தொப்பை வெச்ச ஆம்பளைங்கள எல்லாம் வூடு வூடா போயி எழுப்பி, ஞாயித்துக்கிழமை காத்தால ஆறு மணிக்கு ஏரியில கொண்டாந்து நிறுத்தினாரு. எல்லாம் முப்பதத் தாண்டின கேஸுங்க. நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில லைன் சூப்பர்வைசர். சித்திரையில ஏரி காஞ்சதுலேருந்து ஐப்பசி மழை வர்ற வரைக்கும் எங்க ஆட்டம். மிலிட்டரிக்காரர் கால்ல கிரிக்கெட் பேட கட்டிக்கினு கோல்ல நிப்பாரு. நான் சென்டர் ஃபார்வர்டு. கோல் போடறது என் வேலை. நல்லாவே போடுவேன், பொய்யா அடக்கம் காட்ட எனக்குத் தெரியாது.

ஊராட்சிய எப்படி நடத்தணும்னு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கோயில் செவுத்துல சட்டம் வெட்டி வெச்ச ஊருக்குப் பக்கத்துல இருக்கோம். எங்க ஆட்டத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுல கூட சட்டம் எழுதினது கெடையாது. ஆனா சட்டம் இருந்துச்சு. வந்த உடனே எல்லாரும் மட்டைய ஒரே குவியலாப் போடணும். மிலிட்டரிக்காரர் கண்ணை மூடிக்கினு ஒண்ணை இந்தப் பக்கம், ஒண்ணை அந்தப் பக்கம் வீசுவாரு. ஒன் மட்டை எங்க வுழுந்துச்சோ அதான் ஒன் டீமு, மாமன் மச்சான், மேலத்தெரு கீழத்தெருன்னு பேசக் கூடாது. பந்த முட்டிக்கு மேல தூக்கக் கூடாது, ஏன்னா எவன் கால்லயும் பேடு கெடையாது. அடுத்த நாள் எல்லாரும் வேலைக்குப் போவணும்.

பெரிய சட்டம் காலப் பத்தினது. ஹாக்கியில பந்து கால்ல படக்கூடாது, பட்டா தப்பு. காஞ்ச ஏரியில தரை பூரா வெடிப்பு. பந்து எங்க துள்ளும்னு பந்துக்கே தெரியாது. அம்பயரும் இல்ல. மொத வருஷம் "ஒன் கால்ல பட்டுச்சு", "எங்கடா பட்டுச்சு, நீ பாத்தியா"ன்னு ஆரம்பிச்சு, மட்டையால அடிச்சிக்கினு, ஒருத்தனுக்கு மண்டையில மூணு தையல். அன்னிக்கு மிலிட்டரிக்காரர் கரை மேல நின்னு சொன்னாரு. "அவனவன் காலு, அவனவன் கை. பட்டா ஒன் கைய நீயே தூக்கு. அடுத்தவன் கால எவனாச்சும் காட்டினான், அடுத்த வாரம் அவன் வர வாணாம்." அதுக்கப்புறம் சண்டை இல்ல. தூக்கறவன் தூக்குவான், மத்தவன் வாயத் தொறக்க மாட்டான். நான் பாதி தடவை தூக்குவேன். எல்லாரும் அப்படித்தான்.

அவன் வர்ற வரைக்கும்.

அவன் டைல்ஸ் போடறவன். காலனி ஆளு. என்ன வுட ரெண்டு வயசு பெரியவன். நாளு பூரா குத்துக்கால் போட்டு ஒக்காந்து முட்டி தேஞ்சு போனதால, பழைய கால்மிதிய ரெண்டு துண்டா வெட்டி முட்டியில கயித்தால கட்டிக்கினு வருவான். ஆடும்போதும் அதக் கயட்ட மாட்டான். கட்டை விரல் நகத்துல எப்பவும் வெள்ளை சிமெண்டு. எட்டு மணிக்கு அவனுக்கு சர்ச்சு, அதனால ஏழே முக்காலுக்கு மட்டைய வெச்சுட்டு ஓடுவான். சர்ச்சுல போயி பாவமன்னிப்பு கேக்கறதுக்கு முன்னாடி இங்க ஒரு ரவுண்டு ஒத்திகை பாத்துட்டுப் போறான்னு நான் ஒருதடவை சொன்னேன். எவனும் சிரிக்கல.

மொத நாளே ஆரம்பிச்சுட்டான். டிஃபென்ஸ்ல நின்னான். நாலஞ்சு பேரு பந்து மேல வுழுந்து புழுதி கெளம்பி ஒண்ணும் தெரியல. அந்தப் புழுதிக்குள்ளேருந்து ஒரு கை மட்டும் மேல வந்துச்சு. இடது கை. மட்டையக் கீழ போட்டுட்டு நிக்கறான். "பட்டுச்சுபா." அவ்ளோதான் சொன்னான். மிலிட்டரிக்காரர் கோல்லேருந்து ஓடியாந்து அவன் முதுகுல தட்டினாரு, மத்தவங்க எல்லாம் கை தட்டினாங்க. அன்னிக்கு நான் மூணு கோல் போட்டேன். அடுத்த நாள் டீக்கடையில ஒருத்தன் கூட அதப் பேசல. "நேத்து புதுசா வந்தவரு புழுதிக்குள்ளேருந்து கை தூக்கினாரு பாத்தியா?" இதே பேச்சு. கோல் போட்டவன் ஒரு ஓரமா டீயக் குடிச்சிட்டு வந்துட்டேன்.

இன்னொரு சட்டமும் இருந்துச்சு, அத மிலிட்டரிக்காரர் போடல, யாருமே போடல. ஏரிக்குள்ள எறங்கினா அவன் என்ன "இன்னாபா, பந்த வுடுபா"ன்னுவான். கரை ஏறின உடனே "வரேண்ணா"ன்னுவான். என்ன வுடப் பெரியவன், நான் அவனுக்கு அண்ணன். ஊர்ப்பக்கம், காலனிப்பக்கம். எங்கப்பா உயிரோட இருந்திருந்தா அவன்கூட நின்னு ஆட வுட்டிருப்பாரான்னே தெரியாது. நான் அப்படி ஆளு இல்ல, ஒரே பாட்டில்ல தண்ணி குடிக்கறவன்னு எனக்குள்ள ஒரு பெருமை இருந்துச்சு. ஆனா கரை மேல அவன் "அண்ணா"ன்னு கூப்புடும்போது நான் ஒரு நாளும் "அப்படிக் கூப்புடாதபா"ன்னு சொன்னதில்ல. நல்லாத்தான் இருந்துச்சு.

நான் வூடு கட்டினப்ப ஹாலுக்கு டைல்ஸ் அவன்தான் போட்டான். வேலையெல்லாம் முடிஞ்சு, தொடச்சி, பொண்டாட்டி வந்து பாத்து, "கண்ணாடி மாதிரி கீது"ன்னு சொல்லியாச்சு. இவன் கெளம்பாம, குத்துக்கால் போட்டு, விரல் முட்டியால ஒவ்வொரு டைல்ஸா தட்டிக்கினு போறான். டொக்கு, டொக்கு, டொக்கு. மூலைக்குப் போனதும் நின்னான். திரும்பத் தட்டினான். அப்பறம் இடது கைய மெதுவா தூக்கினான், அதே ஏரியில தூக்கற கை.

"இது ஒண்ணு உள்ள காலியா கீதுண்ணா. சிமெண்டு சரியா போவல. எம்மேல தப்பு."

"அது மேல பீரோ வரப் போவுதுபா. யாருக்குத் தெரியும்? வுடு."

"சத்தம் கேட்டுச்சில்ல."

பேத்து எடுத்துட்டு வேற போட்டான். அதுக்கு அரை நாளு ஆச்சு. அன்னிலேருந்து என் வூட்ல எனக்கு நிம்மதி போச்சு. மிக்ஸி ஜார் மூடிய ஒடச்சிட்டு நான் கமுக்கமா இருந்தா, "டைல்ஸ் அண்ணனா இருந்தா ஒடைஞ்ச சத்தம் அடங்கறதுக்குள்ள வந்து சொல்லியிருப்பாரு"ன்னுவா. ராத்திரி வர லேட்டாச்சுன்னா, "ஆமா, கம்பெனி வேலை. கைய தூக்கிச் சொல்லுங்க பாப்போம்"னுவா. வேற ஒரு ஆம்பளைய வெச்சு பொண்டாட்டி கிண்டல் பண்ணா எவனுக்குத்தான் வவுறு எரியாது? அதுலயும் அவ கிண்டலா சொல்லல. பாதி நெசமாத்தான் சொன்னா.

அவன ஒரு தடவையாவது புடிச்சுடணும்னு எனக்கு வெறி வந்துச்சு. ஒரு பட்டுச்சு, ஒரு தூக்காத கை, அது போதும். ஒரு ஞாயித்துக்கிழமை பூரா பந்தயே பாக்கல நான், அவன் கால மட்டும் பாத்துக்கினு ஆடினேன். பாஸ் வந்து என்னத் தாண்டிப் போவுது, பசங்க கத்தறானுங்க, நான் கால பாக்கறேன். மூணு தடவை பட்டுச்சு, மூணு தடவையும் தூக்கினான். நாங்க தோத்தோம். "இன்னாபா, இன்னிக்கு ஒடம்பு செரியில்லியா?"ன்னு அவனே வந்து கேட்டான். அத வுடக் கேவலம் என்ன இருக்கு?

இருக்கு, அதையும் சொல்லிட்றேன். இன்னொரு வாரம் ரெண்டு முழ தூரத்துலேருந்து வேணும்னே அவன் கணுக்கால் மேல அடிச்சேன். தூக்கி அடிக்கல, சட்டப்படி கீழதான் அடிச்சேன், ஆனா என் பலம் பூரா அதுல இருந்துச்சு. வலியில ஒரு காலாலயே நொண்டி நொண்டிக் குதிச்சான். குதிச்சிக்கினே கைய தூக்கினான். "பட்டுச்சுபா, பட்டுச்சு." எல்லாரும் வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க, அவனும் சிரிச்சான். மறுநாள் அந்த வீங்கின கால மடக்கி எப்படி குத்துக்கால் போட்டு வேலை செஞ்சானோ. நான் கேக்கல. நான் வேணும்னு அடிச்சேன்னு அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? அதுவும் இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அவன் கை தூக்கறது அந்தக் கைதட்டலுக்காகத்தான்னு நான் எனக்கே சொல்லிக்குவேன். எல்லாரும் பாக்கணும்னு ஆசை, அதுக்குத்தான் இவ்ளோ நாடகம். கோல் போடத் தெரியாதவனுக்கு இது ஒரு வழி. இப்படி நெனைச்சா அன்னிக்கு ராத்திரி நல்லா தூக்கம் வரும்.

பக்கத்து ஊரு பெருநகர்லயும் ஒரு கூட்டம் ஆடும். மிலிட்டரிக்காரரோட பழைய தோஸ்து ஒருத்தர் அங்க ஆரம்பிச்சு வெச்சது. வருஷத்துக்கு ஒரு தடவை, வைகாசியில, அவங்களுக்கும் எங்களுக்கும் எங்க ஏரியில மேட்ச். கப்பு கெடையாது. தோத்தவங்க ஜெயிச்சவங்கள கரை மேல ஒக்கார வெச்சு, எலை போட்டு நாஷ்டா பரிமாறணும். அதான் பரிசு. மூணு வருஷம் தொடர்ந்து நாங்கதான் பரிமாறினோம். பெருநகர் கேப்டன் ஒரு பஸ் கண்டக்டர், அவருக்கு நான் குனிஞ்சு குனிஞ்சு இட்லி வெச்சிருக்கேன். "வடகறி இன்னும் கொஞ்சம் வைங்க சார்"னு மரியாதையாதான் கேப்பாரு, அதுதான் எரியும். நாலாவது வருஷம் எனக்கு ஒரே ஒரு ஆசை. நான் போட்ட கோல்ல ஜெயிக்கணும். டீக்கடையில ஒரு வாரமாவது என் பேரு அடிபடணும்.

மொத கோல் நான்தான் போட்டேன். சுத்தமான கோல், ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஒண்ணு - பூஜ்யம். ஊர்ல பாதி பேரு கரை மேல நின்னுக்கினு விசில் அடிக்கறான். என் பொண்டாட்டியும் வந்திருந்தா.

கோலுக்கு முன்னாடி சுண்ணாம்புல ஒரு அரைவட்டம் போட்டிருப்போம், அதுக்கு டி-ன்னு பேரு. எங்க சட்டப்படி அந்த டி-க்குள்ள காக்கறவன் கால்ல பந்து பட்டா, கோல்கீப்பர மட்டும் நிறுத்திட்டு எதிராளிக்கு ஒரு அடி. பெருநகர்காரன் ஒருத்தன் டி-க்குள்ள பூந்து அடிச்சான். நம்ம டைல்ஸ்காரன் குறுக்க வுழுந்து தடுத்தான். பந்து வெளிய போயிடுச்சு. ஆபத்து போச்சுன்னு எல்லாரும் மூச்சு வுட்டோம். பாத்தா கை மேல நிக்குது.

"பட்டுச்சுபா."

பெருநகர்காரங்களே கேக்கல. அவங்களுக்கே அது தெரியல. கண்டக்டர் அடிச்சாரு, மிலிட்டரிக்காரர் பேடத் தாண்டி உள்ள போச்சு. ஒண்ணு - ஒண்ணு. எங்காளுங்க அவனச் சுத்தி நின்னுட்டானுங்க. "எவன்யா பாத்தான்? யாரு கேட்டா ஒன்ன? ஊரு பூரா நிக்குது, இன்னிக்குக் கூடவா?" அவன் தலை குனிஞ்சு முட்டிக் கயித்த இறுக்கிக் கட்டிக்கினு இருந்தான். கூட்டத்துலேருந்து ஒரு குரலு, "எங்க வெக்கணுமோ அங்க வெச்சிருக்கணும், கூட சேத்து ஆட வெச்சோம் பாரு"ன்னுச்சு. அது எனக்குக் கேட்டுச்சு. அவனுக்கும் கேட்டுச்சு, காது செவந்துச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. மனசுக்குள்ள எனக்கு சக்கரைப் பொங்கல். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி வரைக்கும் ஊரே கொண்டாடினவன், இப்ப பாருன்னு.

ஆட்டம் முடியப் போவுது. அவன் டிஃபென்ஸ் எடத்த வுட்டு வேகமா மேல ஏறி வந்து, டி-க்குள்ள எனக்கு ஒரு பாஸ் குடுத்தான். நல்ல பாஸ். நடுவுல ஒரு வெடிப்பு. பந்து துள்ளிச்சு, என் வலது கால் ஷூ உள்பக்கத்துல பட்டு, வளத்த நாய் மாதிரி காலடியிலயே நின்னுச்சு. தள்ளினேன். கோல். கரை மேல ஒரே கத்தல்.

பெருநகர்காரன் ரெண்டு பேரு கத்தினான். "கால்ல பட்டுச்சு! கால்ல பட்டுச்சு!" எங்காளுங்க, "அடுத்தவன் கால காட்டாத, எங்க ஏரியில அது சட்டம்"னு எகிறினானுங்க. மட்டைங்க மேல எழும்பிடுச்சு. அப்ப கண்டக்டர் எல்லாரையும் அடக்கிட்டு, அவனப் பாத்தாரு. எனக்கு ரெண்டு முழம் பின்னாடி நிக்கறான் அவன்.

"நீங்க கிட்ட இருந்தீங்க. நீங்க சொல்லுங்க, நாங்க ஒத்துக்கறோம். பட்டுச்சா?"

 அவன் என் மொகத்தப் பாக்கல. என் வலது கால பாத்தான். பாத்துட்டு சொன்னான்.

"அவரு காலு. அவருதான் சொல்லணும்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. கரை மேல என் பொண்டாட்டி முந்தானைய இறுக்கிப் புடிச்சிக்கினு நிக்கறா. என் கை எவ்ளோ கனம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

"படல"ன்னு சொன்னேன்.

 கண்டக்டர் அவங்காளுங்ககிட்ட சொன்னாரு: "செரி, வுடுங்கபா. இவரு இருக்கற டீம்ல பொய் சொல்ல மாட்டாங்க. கோல் குடுங்க." இவருன்னு அவர் கை காட்டினது என்ன இல்ல. அவன.

ஜெயிச்சோம். என்னத் தோள் மேல தூக்கினானுங்க. கரை மேல எலை போட்டு பெருநகர்காரங்க பரிமாறினாங்க. அவன் எம்பக்கத்து எலை.  வடை வந்தப்ப அவன், "இவருக்கு இன்னொண்ணு வைங்கபா, கோல் போட்டவரு"ன்னான். குத்திக் காட்டறானான்னு மொகத்தப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. வழக்கமான மொகந்தான். குத்திக் காட்டியிருந்தா எனக்கு எவ்ளோ நல்லா இருந்திருக்கும்!

டீக்கடையில என் பேரு ஒரு வாரம் இல்ல, ஒரு மாசம் அடிபட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் என் வவுத்துல ஒரு டைல்ஸ் டொக்குன்னுச்சு. அதோட அவன் பேரும் அடிபட்டுச்சு, வேற மாதிரி. அடுத்த வருஷம் பெருநகர் மேட்சுக்கு அவன் வாணாம்னு பேசி முடிச்சானுங்க. மிலிட்டரிக்காரர் மட்டும், "நான் சொல்ல மாட்டேன், எவன் சொல்றானோ சொல்லிக்கட்டும்"ன்னு எழுந்து போயிட்டாரு. "நீ இன்னா சொல்ற?"ன்னு என்னக் கேட்டானுங்க. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கு நடந்திருக்கும், கோல் போட்ட ஹீரோ நான். "ஒங்க இஷ்டம்"னேன். அது மட்டும் இல்ல, "நானே சொல்லிட்றேன்"னும் சொன்னேன்.

அவன் ஏரியில இல்லாம கரை மேல இருக்கும்போது பாத்துச் சொன்னேன். எதுக்கு அந்த எடம்னு எனக்குத் தெரியும். "அடுத்த வருஷம் பெருநகர் மேட்சுக்கு வேற ஒருத்தன வெக்கலாம்னு பாக்கறாங்க. ஒனக்கும் முட்டி வலி..." அவன் மட்டை நுனியில ஒட்டின மண்ண சொரண்டிக்கினே, "செரிண்ணா"ன்னான். அந்த வருஷம் ஞாயித்துக்கிழமை ஒண்ணு தவறாம வந்தான். தூக்க வேண்டியதுக்கு எல்லாம் கை தூக்கினான். மறுவருஷ மேட்ச் அன்னிக்கு மட்டும் வரல. மூணு கோல்ல தோத்தோம். நான் குனிஞ்சு இட்லி வெச்சேன். "அவரு எங்க, காணோம்?"னு கண்டக்டர் கேட்டாரு. "வேலையா போயிருக்காரு"ன்னேன்.

அதுக்கப்புறம் அவனுக்கு ஓசூர்ல பெரிய அபார்ட்மெண்ட் வேலை கெடைச்சு, குடும்பத்தோட போறான்னு கேள்விப்பட்டேன். போறதுக்குள்ள சொல்லிடணும்னு நெனைச்சேன். ரெண்டு தடவை வண்டிய எடுத்துக்கினு காலனிப் பக்கம் போனேன், ரெண்டு தடவையும் தண்ணித் தொட்டிகிட்ட திருப்பிக்கினு வந்துட்டேன். மூணாவது தடவை போவலாம்னு சட்டைய மாட்டறேன், வாசல்ல அவன் குரலு. அவனே வந்துட்டான். அதுலயும் முந்திட்டான்.

பொண்டாட்டி காபி போட சமையக்கட்டுக்குப் போனா. அவன் ஹால்ல நாற்காலியில ஒக்காரல. வழக்கம் போல குத்துக்கால் போட்டு, விரலால ஒரு டைல்ஸ தட்டினான். டொக்கு. அடுத்தத தட்டினான். நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்து தொண்டைய கனைச்சேன். "அன்னிக்குப் பெருநகர் மேட்சுல..."ன்னு ஆரம்பிச்சேன்.

"அதுக்குத்தான் வந்தேன்பா"ன்னான்.

பா. என் வூட்டுக்குள்ள. மொத தடவை.

"அன்னிக்கு டி-க்குள்ள நான் கை தூக்கினேன்ல. அது பட்ல. மட்டையிலதான் பட்டுச்சு." அவன் தரையப் பாத்துக்கினு பேசினான். "ஊரு பூரா பாத்துக்கினு கீது. நான் தடுத்தேன், எவனும் கத்தல, விசில் இல்ல. கை தானா மேல போயிடுச்சு. தூக்கினப்புறம் பட்லன்னு எப்படி எறக்கறது? எனக்கு அது ஒரு ருசி ஆயிடுச்சுபா. கை தூக்கினா எல்லாரும் பாப்பாங்க. அந்த ருசியில நம்ம டீமுக்கு ஒரு கோல் குடுத்துட்டேன். அவனுங்க திட்டினது நாயம்தான். வேற யாருகிட்டயும் சொல்ல வாய் வரல, ஒன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

அஞ்சு வருஷமா நான் மனசுக்குள்ள சொல்லிக்கினு இருந்தது அத்தனையும் நெசம்னு, அவன் வாயாலயே சொல்றான். எனக்குக் குதிக்கணும் போல இருந்திருக்கணும். குதிக்க முடியல. மனசு ஒரு கணக்குப் போட்டுச்சு. அவன் பொய்யா கை தூக்கலன்னா அவங்களுக்குக் கோல் இல்ல. நான் பொய் சொல்லலன்னா எனக்கு ரெண்டாவது கோல் இல்ல. ரெண்டு பேரும் ஒழுங்கா இருந்திருந்தா ஒண்ணு - பூஜ்யம். என் மொத கோல். என் சுத்தமான கோல்ல ஜெயிச்சிருப்போம்.

அவன் தல நிமிந்து என்னப் பாத்தான். காத்துக்கினு இருந்தான். இப்ப என் முறை, அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சமையக்கட்டுல டம்ளர் சத்தம். வாயத் தொறந்தா ஒரே வார்த்தை, பட்டுச்சுபா, அவ்ளோதான்.

"வுடுபா"ன்னேன் நான். "யாரு பாத்தா? அதெல்லாம் மறந்துட்டோம்."

அவன நான் மன்னிச்சிட்டேன்! கேக்கறீங்களா, நான் அவன மன்னிச்சிட்டேன்.

 அவன் கண்ணு கீழ எறங்கி என் வலது கால்ல நின்னுச்சு. காபி வந்துச்சு, குடிச்சான், டம்ளர அவனே கொண்டு போயி குழாயடியில வெச்சான். வாசல்ல செருப்பு மாட்டிக்கினு, "வரேண்ணா"ன்னான்.

அவன் போனதும் ஊரு அந்தத் திட்டையெல்லாம் மறந்துட்டு மறுபடி அவன் புகழ் பாட ஆரம்பிச்சுடுச்சு. அவன் சொன்ன விஷயத்த நான் டீக்கடையில ஒரு தடவை சொன்னா போதும், ஊரு வாயி மூடிடும். சொல்லல. நல்ல மனசுன்னு நெனைச்சுடாதீங்க. அதச் சொல்ல ஆரம்பிச்சா அடுத்தது என் காலு வரும், அதான்.

ஞாயித்துக்கிழமை ஆட்டம் இன்னும் நடக்குது. இப்பல்லாம் பட்டா நான் கை தூக்கிட்றேன். போன வாரம் டி-க்குள்ள என் கால்ல லேசா பட்டுச்சு, எவனும் பாக்கல, கோல் போட்டிருக்கலாம். மட்டையப் போட்டுட்டு கைய தூக்கினேன். "பாருங்கடா, அப்படியே அவர மாதிரியே தூக்கறான்"னு மிலிட்டரிக்காரர் கத்தினாரு. மொத்தப் பேரும் கை தட்டினானுங்க. அஞ்சு வருஷம் நான் ஏங்கிக் கெடந்த கைதட்டலு. அதையும் அவனுக்குத்தான் தட்டினானுங்க.